576 பிறந்த கதை

கி.பி. 499. குசுமபுரத்தில் இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் வானத்துக் கணக்கு முழுவதையும் நூற்றுச் சொச்சம் செய்யுள்களுக்குள் அடக்கிவிட்டார். ஆரியபடர் என்பது அவர் பெயர். ஒரு யுகத்தில் சூரியன் எத்தனை முறை சுற்றிவரும் என்று சொல்ல அவருக்கு ஒரேயொரு சொல் போதுமாயிருந்தது. எழுத்துகளுக்கு எண் கொடுத்து அவரே வகுத்த முறைப்படி அந்தச் சொல்லைப் பிரித்தால் 4,320,000 என்று வரும். அடுத்த மூச்சில் பூமியையும் சுழலவிட்டார். ஒரு யுகத்தில் பூமி தன்னைத்தானே 1,582,237,500 முறை சுற்றும் என்றார். ஊர் மக்களுக்கு வேண்டியிருந்தது விடிந்து அடங்கும் நாட்களின் கணக்கு. அதற்கு வழி சொன்னாரே தவிர, விடையை எழுதாமல் படிப்பவர் கைக்கே விட்டுவிட்டார்.

பின்னால் வந்தவர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தார்கள். 1,577,917,500 நாட்கள் கிடைத்தன. அத்தனை நாட்களில் 4,320,000 ஆண்டுகள். ஒரு ஆண்டின் நீளம் வேண்டுமென்றால் முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்க வேண்டியதுதான். சொல்வதற்கு எளிது. கலியுகம் பிறந்து மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. ஏதாவது ஓர் ஆண்டு எந்த நாளில், எந்த நாழிகையில் தொடங்கியது என்று அறிய அந்த மூவாயிரத்துச் சொச்சத்தை நூற்றைம்பத்தேழு கோடியே எழுபத்தொன்பது லட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறால் பெருக்கி, பிறகு நாற்பத்துமூன்று லட்சத்து இருபதாயிரத்தால் வகுக்க வேண்டியிருந்தது. மணலிலும் பலகையிலும் எழுதி அழிக்கிற கையால், ஒரு இலக்கம் தவறினாலும் முழுக் கணக்கும் போய்விடும் நிலையில், இதை ஆண்டுதோறும் யார் செய்வது? பூட்டைச் செய்தவரின் நூலிலேயே திறப்பும் கிடந்தது. அது திறப்பு என்பது உடனே யாருக்கும் தெரியவில்லை.

ஆரியபடீயம் என்ற அவருடைய அந்த நூலின் கணிதப் பகுதி முடிகிற இடத்தில் இரண்டு செய்யுள்கள் இருக்கின்றன. குட்டகம் என்று பிற்காலத்தவர் அழைத்த முறை அது. இன்ன எண்ணால் வகுத்தால் இன்ன மிச்சம் வரவேண்டும் என்றால் அந்த எண் எது என்று தேடிப் பிடிப்பதே அதன் வேலை. ஆனால் அதன் இயந்திரம் மிகப் பழையது. பெரியதைச் சிறியதால் வகுத்து, மிஞ்சியதால் சிறியதை வகுத்து, மறுபடி மிஞ்சியதால் முன்னதை வகுத்துக்கொண்டே போவது. யூக்கிளிட் கி.மு. 300ஐ ஒட்டிய காலத்தில் தம் ஏழாம் நூலை இதைக் கொண்டே தொடங்கினார். சீனத்தில் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற கணித நூல் வயல் அளக்கும் அத்தியாயத்திலேயே இதைக் கற்பித்தது. 49/91 என்ற பின்னத்தைக் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றை மாறி மாறிக் கழிக்கச் சொல்லி, 7 என்ற பொது அளவைக் கண்டுபிடித்து, 7/13 ஆகச் சுருக்கிக் காட்டியது. மூன்று மூலைகளில் மூன்று வெவ்வேறு தேவைக்காக ஒரே வித்தை. இந்தியாவில் அது சூரியன்மேல் பாய்வதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது.

629ஆம் ஆண்டு. பாஸ்கரர் என்ற வானநூலார் ஆரியபடீயத்துக்கு உரை எழுதினார். லீலாவதி எழுதிய பாஸ்கரர் அல்லர் இவர், அவருக்கு ஐந்நூறு ஆண்டு மூத்தவர். குட்டகத்தில் இறங்குமுன் வகுபடும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் பொதுக் காரணியால் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பதில் இவர் கண்டிப்பாக இருந்தார். அந்த வேலையைச் சூரியனின் இரண்டு பெரிய எண்களுக்கும் செய்தபோது நடந்ததை ஒவ்வொரு படியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

1,577,917,500க்குள் 4,320,000 என்பது 365 தடவை அடங்கி 1,117,500 மிஞ்சியது. அந்த மிச்சம் 4,320,000க்குள் 3 தடவை அடங்கி 967,500 மிஞ்சியது. அது 1,117,500க்குள் ஒரு தடவை, மிச்சம் 150,000. அது 967,500க்குள் 6 தடவை, மிச்சம் 67,500. அது 150,000க்குள் 2 தடவை, மிச்சம் 15,000. அது 67,500க்குள் 4 தடவை, மிச்சம் 7,500. கடைசியில் 7,500 என்பது 15,000க்குள் சரியாக 2 தடவை அடங்கியது. மிச்சம் எதுவும் இல்லை. ஏழே வகுத்தலில் வேட்டை முடிந்தது. இரண்டு பிரமாண்டமான எண்களுக்கும் பொதுவான காரணிகளுட் பெரியது 7,500.

மேலும் கீழும் 7,500ஆல் வகுத்தார்கள். மேலே 210,389. கீழே 576.

பத்து இலக்க எண் ஆறு இலக்கமாயிற்று. ஏழு இலக்க எண் மூன்று இலக்கமாயிற்று. பெறுமதியில் ஒரு இம்மியும் மாறவில்லை. 576 ஆண்டுகள் கழிந்தால் சரியாக 210,389 நாட்கள், ஒரு விநாழிகையும் கூடாமல் குறையாமல். ஒரு ஆண்டுக்கு 365 நாட்களும் 149/576 நாளும். பாஸ்கரருடைய கணக்குகளில் 576, 210,389 ஆகிய இரண்டும் சூரியனின் எண்களாகவே உலாவுகின்றன. இவ்வளவு நல்ல அறுவடையைக் கண்டவர்கள் அதே அரிவாளோடு சந்திரனிடம் போனதில் வியப்பில்லை. அங்கேதான் முதல் தோல்வி காத்திருந்தது.

சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவான இடத்திலிருந்து புறப்பட்டு மறுபடி அப்படியோர் இடத்துக்கு வந்துசேரும் சுற்று ஒன்று உண்டு. ஆரியபடர் கணக்கில் ஒரு யுகத்தில் அது 57,265,117 முறை நடக்கும். அதே 1,577,917,500 நாட்களோடு இந்த எண்ணை வைத்து வகுத்து, மிச்சத்தால் வகுத்து, மறுபடி வகுத்து எவ்வளவு தூரம் போனாலும் முடிவில் நிற்பது 1 மட்டுமே. இரண்டுக்கும் பொதுக் காரணியே கிடையாது. அந்தப் பின்னத்தை ஓர் அணுவளவும் சுருக்க முடியாது. சூரியன் தந்த சலுகையைச் சந்திரன் தர மறுத்துவிட்டது.

ஆனால் தோற்ற வேட்டையும் வெறுங்கையோடு திரும்பவில்லை. வழியில் கிடைத்த ஈவுகளை, அதாவது 27, 1, 1, 4, 12 என்று வந்தவற்றை, குட்டக முறைப்படி கீழிருந்து மேலாகக் கோத்தபோது சரிக்குச் சரியல்லாத, ஆனால் மிக நெருங்கிய பின்னங்கள் வந்து விழுந்தன. நாலாவது ஈவு வரையில் கோத்தால் 9 சுற்றுக்கு 248 நாட்கள். இன்னொன்றையும் சேர்த்தால் 110 சுற்றுக்கு 3,031 நாட்கள். தெற்கே இந்த 248ஐப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளுக்கும் சந்திரன் நிற்கும் இடத்தை எழுத்தெண்ணாக மாற்றி, 248 சிறு வாக்கியங்களாக்கி, பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தார்கள். வரருசி என்பவர் பெயரால் வழங்கும் அந்த வாக்கியங்களில் முதலாவதைப் பிரித்தால் 12 பாகை 3 கலை வரும். வானத்தைப் பார்க்காமலே, வாயால் சொல்லிச் சந்திரனைக் காட்டும் முறை இப்படிப் பிறந்தது. சூரியனையும் அதனோடு சேர்த்துக் கட்ட ஒருவர் தேவைப்பட்டார்.

அந்த ஒருவர் யாரென்று அவருடைய நூலே சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தமிழ்நாட்டில், காஞ்சிபுரத்துப் பக்கம் எழுதப்பட்டதாகக் கருதப்படும் வாக்கியகரணம் அது. பெயர் தெரியாத அந்த ஆசிரியர் 149/576ஐ அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வெட்டுப் போட்டார். 576இல் கால் பங்கு 144. ஆகவே 149/576 என்பது காலும் 5/576உம். கழிந்த கலி ஆண்டை 365ஆல் பெருக்கு, அதில் கால் பங்கு சேர், பிறகு ஐந்தால் பெருக்கி 576ஆல் வகுத்ததைச் சேர். கடைசியாக 1237/576ஐக் கழி. மெய்யான சூரியன் சராசரிச் சூரியனை முந்திக்கொள்ளும் 2 நாளும் 8 நாழிகையும் சொச்சமுமே அந்த 1237. அதற்கும் கீழே அதே 576 நின்றதைக் கவனிக்க வேண்டும். கூட்டுவதும் கழிப்பதும் ஒரே பகுதியெண்ணின்மேல் ஓடிவிடும். கணக்கை எளிதாக்குவது என்றால் என்ன என்று அறிந்த மனிதர் அவர்.

தமிழரிடம் பின்னங்களுக்குப் பஞ்சமில்லை. அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று 320இல் ஒன்று வரைக்கும் எண்சுவடியில் பெயர் இருந்தது. அதற்குக் கீழே முந்திரியையே மறுபடி 320ஆகப் பிளக்கும் கீழ்முந்திரியும் இருந்தது. நிலம், நெல், பொன் எல்லாம் அவற்றுக்குள் அடங்கின. இந்த 5/576 மட்டும் அடங்கவில்லை. முந்திரியின் 320இல் இரண்டும் ஐந்துமே காரணிகள். 576க்குள்ளோ ஒன்பது ஒளிந்திருந்தது. கீழ்முந்திரிக்கும் கீழே எத்தனை படி இறங்கினாலும் மிச்சம் ஒன்று எஞ்சிக்கொண்டே இருக்கும். ஊரறிந்த பின்னங்கள் கைவிட்ட இடத்தில் நாழிகை கை கொடுத்தது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, விநாழிகைக்கு 60 தற்பரை. மூன்றையும் பெருக்கினால் 216,000. அதை 576 சரியாக 375 பங்காக வகுத்துவிடும்! ஆகவே ஆண்டின் உபரியை 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை என்று மிச்சமே இல்லாமல் சொல்லிவிட முடிந்தது. ஆரியபடர் தம் எண்களைத் தெரிந்தெடுத்தபோது இதையும் எண்ணியிருந்தாரா என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. எப்படியோ, ஓலையில் ஒரு வரியில் அடங்கும் அளவுக்கு ஆண்டு சுருங்கிவிட்டது. ஓலைகள் கடல் கடக்கக் கூடியவை.

நல்லூரில் ஆரியச்சக்கரவர்த்திகள் ஆண்ட காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் சோதிடம் அரசவைக் கலையாக இருந்தது. செகராசசேகரன் என்ற பட்டம் தாங்கிய மன்னன் பெயரால் செகராசசேகரமாலை என்ற சோதிட நூலே எழுந்தது. 1619இல் போர்த்துக்கேயர் அரசைப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். அரசவை போயிற்று, ஆனால் விதைப்புக்கும் விரதத்துக்கும் நாள் பார்க்கும் தேவை போகவில்லை. அராலியைச் சேர்ந்த இராமலிங்க முனிவர் 1667இல் வாக்கிய முறைப்படி ஆண்டுக் கணிப்பை எழுதி வழங்கினார் என்பது யாழ்ப்பாணத்து மரபு. அரசன் இல்லாத நாட்டில் அராலியின் ஓலையே காலத்தை ஆண்டது. நூற்றறுபது ஆண்டுகள் அதை எதிர்த்து யாரும் கேள்வி கேட்கவில்லை. கேள்வி பக்கத்து ஊரிலிருந்து வந்தது.

1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசன் ஒரு செமினரி தொடங்கியது. அதிபர் டானியல் பூவர். எண்கணிதம், அட்சரகணிதம், யூக்கிளிட்டின் கேத்திரகணிதம், வானியல் எல்லாம் அங்கே பாடம். அலெக்சாந்திரியாவில் தொடங்கிய யூக்கிளிட் அமெரிக்கா போய்க் கப்பலேறி வட்டுக்கோட்டையில் இறங்கியபோது, கூப்பிடு தூரத்து அராலியில் அதே மாறிமாறி வகுக்கும் வித்தையின் விளைச்சல் ஏற்கெனவே ஓலையில் இருந்தது. இரண்டும் உறவு என்பதை இரு தரப்பும் அறியவில்லை. போட்டியாளராகவே சந்தித்தார்கள்.

அராலி விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பு அன்று குடாநாடு முழுவதும் மதிக்கப்பட்டது. 1829 மார்ச் 20ஆம் தேதி சந்திர கிரகணம். சாஸ்திரியார் தம் முறைப்படி நேரம் குறித்தார். பூவர் மேலைத்தேயப் பட்டியல்களைக் கொண்டு கணித்தார். கிரகணம் தொடங்கும் நேரத்திலேயே கால் மணியளவு வேறுபாடு. அது நீடிக்கும் காலத்திலும், மறையும் அளவிலும் இரு கணக்கும் ஒத்துவரவில்லை. விஷயம் ஊருக்குள் பரவியது. எந்தச் சாத்திரம் மெய் என்பதை நிலவே சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

நிலவு பூவர் பக்கம் பேசியது.

அந்த மாலை யாழ்ப்பாணத்து வரலாற்றில் பலவிதமாக எழுதப்பட்டிருக்கிறது. சமயத்தின் வெற்றி தோல்வியாகவே அதைப் பார்த்தவர்கள் அதிகம். எண்களின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். சாஸ்திரியாரின் கூட்டல் கழித்தலில் பிழை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் குறித்த எண்களே வயதேறிப்போயிருந்தன. 576உம் அப்படித்தான். சூரியன் விண்மீன்களிடையே ஒரு சுற்றை முடிக்க எடுக்கும் உண்மையான காலத்தைவிட 149/576 தரும் ஆண்டு ஏறத்தாழ 3 நிமிடம் 20 செக்கன் நீளம். பின்னத்தைச் சுருக்குகிறவர் பெறுமதியைத் தொடுவதில்லை. ஆரியபடரின் நுட்பத்தை எவ்வளவு கவனமாக அந்த 576 காத்து வந்ததோ, அவருடைய சிறு பிழையையும் அவ்வளவே கவனமாகக் காத்து வந்திருந்தது. இப்படித் தோற்ற எண் அத்தோடு அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை.

காரணங்களில் ஒன்று அச்சு. அதுவும் தடுக்கி விழுந்து எழுந்து வந்ததுதான். 1820இல் அமெரிக்க மிசனுக்காக அச்சாளர் ஜேம்ஸ் கரெட் வந்திறங்கினார். அவரைத் தங்க விடமுடியாது என்று அப்போது இலங்கையில் பிரித்தானிய ஆளுநர் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் ஆணையிட்டார். கரெட் இந்தியாவுக்குப் போனார். 1834க்குப் பிறகே மானிப்பாயில் மிசன் அச்சகம் ஊன்றியது. அதே மிசன் அச்சகம் 1848இல் ஒரு ஆச்சரியத்தைச் செய்தது. பூவருக்குப் பின் செமினரியை நடத்திய ஹொய்சிங்டன், எந்தச் சாத்திரத்தை வெல்லச் செமினரி முயன்றதோ அந்த இந்து வானசாத்திரத்தையே தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் விரிவான குறிப்புகளோடும் புத்தகமாக்கினார். எதிர்த்தவர்களின் அச்சிலேயே பழைய கணக்கு ஏறியது. பிறகு ஊரவர்களும் அச்சுக்கு வந்தார்கள். புதிய பட்டியல்களைக் கொண்டு கணித்த திருக்கணிதம் ஒரு பக்கம் எழுந்தது. வாக்கியம் தன் வழியே தொடர்ந்தது. கொக்குவிலிலிருந்து இரகுநாதையர் பெயரில் ஒன்று, மட்டுவிலிலிருந்து திருக்கணிதமாக மற்றொன்று என்று குடாநாட்டு வீடுகள் இரண்டு கட்சியாகின. சித்திரை வந்தால் இரண்டுக்கும் நேரத்தில் பிணக்கு.

ஆம், அந்தச் சித்திரைதான். யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரில், கோயில் துண்டுப்பிரசுரத்தில், பத்திரிகையின் முதல் பக்கத்தில் 'புதுவருடம் பிறக்கும் நேரம்' என்று மணியும் நிமிடமுமாக அச்சாகும் ஒரு வரி. மருத்துநீர் தேய்த்து முழுகுவதற்கான புண்ணியகாலம் அந்த நேரத்துக்கு முன்னே பத்து நாழிகை, பின்னே பத்து நாழிகை, அதாவது இரண்டு பக்கமும் நாலு நாலு மணித்தியாலம். கைவிசேஷம் வாங்கும் நேரமும் அதையொட்டியே வரும். நள்ளிரவில் ஏன் வருடம் பிறக்கிறது, போன வருடம் மாலையில் பிறந்தது இந்த வருடம் விடியப்புறத்துக்கு ஏன் நகர்ந்தது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. வாக்கிய பஞ்சாங்கத்தில் அதற்கு விடை 149/576. ஆண்டுக்கு ஆறு மணி பன்னிரண்டரை நிமிடம் தள்ளிப்போகிறது.

2024இல் குரோதி வருடம் பிறந்தபோது கலியில் 5,125 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதை 149ஆல் பெருக்கினால் 763,625. அதில் 1,237 போனால் 762,388. 576ஆல் வகுத்தால் ஈவு 1,323, மிச்சம் 340. இவ்வளவுதான் வேலை. பத்து இலக்கப் பெருக்கல் எங்கும் இல்லை. 340/576ஐ நாலால் சுருக்கினால் 85/144. சூரியன் உதித்து 35 நாழிகை 25 விநாழிகை. உதயம் ஆறு மணி என்று கொண்டால் ஏப்ரல் 13 இரவு 8 மணி 10 நிமிடம். ஊருக்கான திருத்தம் சேரும்போது அச்சில் சில நிமிடம் நகரும்.

அடுத்த ஆண்டுகளுக்கு 149ஐக் கூட்டிக்கொண்டே போனால் போதும். விசுவாவசுவுக்கு 489/576, மூன்றால் சுருக்கி 163/192. பராபவவுக்கு ஒரு முழு நாள் கழித்து 62/576, இரண்டால் சுருக்கி 31/288. 2027இல் வரும் பிலவங்கவுக்கு 211/576. 211 பகா எண், அதைச் சுருக்க வழியில்லை. 2028 ஏப்ரல் 13இல் கீலக வருடம் பிறக்கும்போது மேலே 360 வந்து நிற்கும். 360க்கும் 576க்கும் பொதுவாக 72 உண்டு. சுருக்கினால் 5/8. எண்சுவடிக்குள் அடங்காமல் நின்ற கணக்கு அந்த ஒரு வருடத்துக்கு அரையே அரைக்கால் நாளாகிவிடும். உதயத்திலிருந்து முப்பத்தேழரை நாழிகை, இரவு ஒன்பது மணி.